மடாலயத்தின் சாயல், மதராஸின் பூச்சு

ஐரோப்பாவில் ஒரு வகைச் சுற்றுலா உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சிறு குழுவாகச் சேர்வார்கள். விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் முன்னால் நடப்பார். நூற்றாண்டுகளுக்கு முன் துறவிகள் வாழ்ந்த மடாலயங்களையும், வானத்தை முட்டும் பேராலயங்களையும் நிதானமாகப் பார்த்துவருவார்கள். பெரிய கூட்டமாகப் போனால் கூரையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். சிறு குழுவாகப் போனால்தான் "இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு? அந்தத் தூண் எதைத் தாங்குகிறது?" என்று நின்று கேட்க முடியும்.

சிங்கப்பூரில் இடைக்காலக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்களைப் பார்த்துக் கட்டப்பட்டவை நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, சிட்டி ஹால் வரை நடங்கள். வளைந்து நெளிந்து போனாலும் மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வழியில் வேதியியல், இயற்பியல், மண்ணியல் மூன்றும் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பேராலயங்களைப் பார்க்கும் நடையைச் சிராங்கூன் சாலையிலுள்ள ஓர் அம்மன் கோயிலில் தொடங்கச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை அந்தக் காலத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று அழைத்தார்கள். கம்பம் என்றால் மலாய் மொழியில் கிராமம். இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்துகொண்டிருந்தன. சிராங்கூன் சாலையில் செங்கல் சூளைகளும் இருந்தன. இன்று நகைக்கடையும் பூக்கடையும் இருக்கும் பகுதி, அன்று வளர்ந்துவரும் நகரத்துக்குக் கட்டுமானப் பொருள் தயாரித்துக் கொடுத்த தொழிற்பேட்டை. நாம் பார்க்கப் போகும் வெள்ளைச் சுவர்களைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் காளவாய்க்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காளவாய்க்குள் போட்டது கிளிஞ்சலும் பவளப்பாறையும் போன்ற கடல் பொருள்கள். இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அது சிதைந்து கரியமில வாயுவை வெளியே விடும். மிஞ்சுவது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட் உள்ளே போனால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்புதான் வெளியே வரும். மீதி 44 கிராம் வாயுவாகப் பறந்துவிடும். இந்த 44 கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். இதைத்தான் சுண்ணாம்பு நீற்றுதல் என்பார்கள். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும்.) கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற வெண்ணெய் போன்ற விழுது. அதைச் சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சத் தொடங்கும். காளவாயில் இழந்த அந்த 44 கிராமைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அதாவது, பொடியாக்கிய கிளிஞ்சல் சுவர்மீது தட்டையான ஒரே கிளிஞ்சலாக மீண்டும் உருவாகிறது என்று சொல்லலாம். பள்ளி ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சுகுழாயால் ஊதினால் அது பால்போல் கலங்கும் அல்லவா? அங்கே சில விநாடிகளில் நடப்பதும் சுவரில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பதும் ஒரே வினைதான்.

கோயிலிலிருந்து தென்கிழக்காக நடந்தால் ஓஃபிர் சாலையில் அவர் லேடி ஆஃப் லூர்து தேவாலயம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பப்பட்டு 1888இல் திறக்கப்பட்டது. இன்றும் இங்கே தமிழில் திருப்பலி நடக்கிறது. பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் கட்டப்பட்ட இது, நம் நடையில் நீங்கள் பார்க்கும் முதல் கோதிக் பாணிக் கட்டடம். கோதிக் பாணி 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதை மறுபடியும் கையிலெடுத்து, போன நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

சன்னல்களைப் பாருங்கள். மேலே அரைவட்டமாக வளையாமல், இரண்டு கைகளைக் குவித்ததுபோல் கூராக முடிகின்றன. இது வெறும் அழகுக்கு வைத்ததில்லை. எந்த வளைவும் தன் மேலுள்ள பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை; இரு பக்கமும் சுவரை வெளியே தள்ளவும் செய்கிறது. ஒரு புத்தகத்தைப் பாதி திறந்து கூடாரம்போல் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். மேலிருந்து அழுத்தினால் கால்கள் இரண்டும் விலகி ஓடும். அந்த விலகலைத்தான் சுவர் தடுத்தாக வேண்டும். இப்போது புத்தகத்தை இன்னும் செங்குத்தாக நிறுத்தி அழுத்துங்கள். விலகல் குறையும். கூர்முனை வளைவின் தத்துவம் இதுவே. பாரம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டுத் தள்ளுவிசை வளைவின் உயரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 8 மீட்டர் அகல வாசலுக்கு அரைவட்ட வளைவு போட்டால் உயரம் 4 மீட்டர். அதையே கூராக்கி 6 மீட்டர் உயர்த்தினால் தள்ளுவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும்.

மிஞ்சிய தள்ளுவிசைக்கு வெளிப்புறத்தில் முட்டுச்சுவர் கொடுப்பார்கள். வழிகாட்டி உள்ளே அழைக்கும்முன் கட்டடத்தை வெளியே ஒருமுறை சுற்றிவருவது நல்லது. வெளியே நிற்கும் முட்டு எங்கே இருக்கிறதோ, உள்ளே பாரம் அங்கேதான் இறங்குகிறது. இடைக்காலக் கொத்தர்களுக்கு நியூட்டனும் தெரியாது, கணக்குச் சூத்திரமும் தெரியாது. கட்டிப் பார்த்து, விரிசல் விட்டால் திருத்திக் கற்றுக்கொண்டார்கள். சில நேரம் பாடம் கடுமையாக இருந்தது. பிரான்சில் பொவே நகரத்துப் பேராலயத்தின் கூரையை ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1284இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

அடுத்த நிறுத்தம் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள சைம்ஸ். இன்று உணவகங்கள் நிறைந்த இடம். ஆனால் 1854இல் இங்கே வந்த பிரெஞ்சுக் கன்னியர்கள் நடத்திய கான்வென்டும் பள்ளியும் 1983வரை இங்கேதான் இருந்தன. மடாலயம் என்ற சொல்லுக்குச் சிங்கப்பூரில் நாம் நெருங்கக்கூடியது இதுதான் என்பேன். சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம் என்ற அமைப்பு ஐரோப்பிய மடங்களில் பிறந்தது. நம் ஊர் முற்றத்து வீட்டைப்போல வெயிலையும் மழையையும் இரண்டையும் சமாளிக்கும். 1904இல் முடிந்த சிற்றாலயத்தை வடிவமைத்தவர் சார்லஸ் பெனெடிக்ட் நேன் என்ற பாதிரியார். அதன் தூண்களின் தலைப்பகுதிகள் 648. அவற்றில் ஐரோப்பிய இலைகளோடு நிற்காமல் வெப்பமண்டலச் செடிகளையும் பறவைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். தாவரவியல் பிடித்தவர்கள் குழுவிலிருந்து பின்தங்கிவிடும் இடம் இது.

வண்ணக்கண்ணாடிச் சன்னல்கள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்தவை. கண்ணாடிக்கு நிறம் கொடுப்பது உலோகம். உருகிய கண்ணாடியில் கோபால்ட் சிறிது சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா, செம்பு சேர்த்துச் சூளையின் காற்றைக் கட்டுப்படுத்தினால் சிவப்பு. இந்த முறை இடைக்காலத்திலிருந்தே வருவது. இங்கே நிற்கும்போது யாராவது, "பழைய கண்ணாடி கீழ்ப்பக்கம் தடிப்பாக இருக்கும், ஏனென்றால் கண்ணாடி ஒரு திரவம், நூற்றாண்டுகளாக வழிந்துகொண்டே இருக்கிறது" என்று சொல்லக்கூடும். நம்பாதீர்கள். அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கியதால் ஒரு பக்கம் தடிப்பாகவே வந்தது. தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்துவது இயல்பு.

எதிரே குயின் ஸ்திரீட்டில் நல்லாயன் பேராலயம் இருக்கிறது. 1847இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயம். இங்கே கூர்முனை வளைவுகளைத் தேடாதீர்கள். கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்துக் கட்டியது. நேரம் குறைவாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். நம் நடையின் பெரும்பகுதி நேரத்தை அடுத்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடி விழுந்த தேவாலயம்

சிட்டி ஹால் நிலையத்திலிருந்து மேலே வந்தால் புல்வெளி நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். இது அந்த இடத்தின் இரண்டாவது தேவாலயம். முதலாவதை வடிவமைத்தவர் ஜார்ஜ் கோல்மன், 1830களில் கட்டினார்கள். 1842இல் ஜான் டர்ன்புல் தாம்சன் அதன்மேல் ஒரு கூர்கோபுரம் எழுப்பினார். 1845இலும் 1849இலும் இடி விழுந்தது. 1852இல் ஆபத்தான கட்டடம் என்று மூடி, பிறகு இடித்தே விட்டார்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி கேட்கிறது. இப்படிப்பட்ட ஊரில், உயர்ந்த கட்டடங்கள் இல்லாத காலத்தில், தனியாக நீண்டு நின்ற ஒரு கோபுரம் மின்னலுக்கு வசதியான வழி. மின்னல் ஈரமான செங்கல் சுவர் வழியே இறங்கினால், உள்ளே இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி விரியும். சுவர் உள்ளிருந்தே வெடிக்கும். இடிதாங்கி செய்வது ஒன்றுதான்: மின்னோட்டத்துக்குச் சுவரைவிட எளிதான உலோகப் பாதை ஒன்றைத் தரைவரை போட்டுக் கொடுக்கிறது.

இப்போதுள்ள கட்டடத்துக்கு 1856 மார்ச் 4ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைப்பு கர்னல் ரானல்ட் மெக்ஃபர்சனுடையது. அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது தெற்கு இங்கிலாந்தில் இடிபாடாக நிற்கும் நெட்லி மடாலயத்தை. 1239இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவப்பட்டு, 1536இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மூடப்பட்ட மடம் அது. கூரை போய், சுவரும் உயர்ந்த சன்னல்களும் மட்டும் எஞ்சிய ஓர் இடிபாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு பிறவி எடுத்தது.

முதல் திட்டத்தில் கனமான சதுரக் கோபுரம் ஒன்று இருந்தது. அதைக் கட்டும்போதுதான் அடித்தளம் அவ்வளவு பாரம் தாங்காது என்று தெரியவந்தது. எனவே கனம் குறைந்த கூர்கோபுரத்துக்கு மாறினார்கள். அதன் உயரம் சுமார் 63 மீட்டர். மண்ணுக்கு முக்கியம் மொத்த எடை மட்டுமில்லை, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை என்பது. மணலில் செருப்புக் காலோடு நிற்பதும் குதிகாலால் ஊன்றி நிற்பதும் ஒன்றா? கோபுரம் இருக்கும் மூலையில் மட்டும் அழுத்தம் கூடினால் அந்த மூலை மட்டும் இறங்கும், கட்டடம் கிழியும். பைசா கோபுரம் சாய்ந்ததற்கும் இதே கதைதான். மெக்ஃபர்சனின் ஆட்கள் அதை முன்கூட்டியே கவனித்தது நம் அதிர்ஷ்டம்.

கட்டியவர்கள் யார்?

இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து முதல் தொகுதி சிங்கப்பூருக்கு வந்தது. அதில் மதராஸ் கைதிகள் இருந்தார்கள். 1873வரை கைதிகளின் உழைப்பு இந்தத் தீவில் சாலையாகவும் பாலமாகவும் மாளிகையாகவும் மாறியது. செங்கல் அறுக்கவும், கல் உடைக்கவும், தச்சு வேலை செய்யவும், கொத்து வேலை செய்யவும் அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்களை மேற்பார்வை செய்தவர்களிலும் பலர் கைதிகளே. பொறுப்பதிகாரியாக இருந்த மேஜர் மெக்னேர் 1899இல் இதைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலின் தலைப்பே 'கைதிகளே தங்கள் காவலர்கள்' என்ற பொருள் தருவது.

சுவர்ப்பூச்சின் செய்முறை அந்த நூலில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'மெட்ராஸ் சுனாம்'. சுனாம் வேறொன்றுமில்லை, நம் சுண்ணம்தான். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டார்கள். முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்து விழுதாக்கினார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். சுவரில் பூசி, ஓரளவு காய்ந்தபின் மாக்கல் பொடியைத் தூவி, பளிங்குக் கல்லாலும் உருண்டைக் கற்களாலும் தேய் தேய் என்று தேய்த்தார்கள். சுவர் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது.

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு அங்கேயும் பெயர் பெற்றதுதான்.

சமையல் குறிப்பு போலத் தெரிகிறதே, ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டா? உண்டு. கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். சர்க்கரை இருந்தால் அதிகம் கரையும். கரைந்த சுண்ணாம்பு நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் போய்ப் படிகமாகும். முட்டை வெள்ளைக்கரு ஒரு புரதம். அது துகள்களைப் பிணைக்கிறது. காய்ந்தபின் நீர் உள்ளே புகுவதைக் குறைக்கிறது. ஊறிய மட்டை, டானின் போன்ற தாவரப் பொருள்களைத் தண்ணீரில் இறக்குகிறது. கறுத்த தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான அதே இனம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தேய்ப்பு. மோஸ் அளவுகோலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க்கின் கடினத்தன்மை 1, கால்சைட்டுக்கு 3, பளிங்குக்கு 7. இறுகும் பூச்சு கால்சைட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. தன்னைவிடக் கடினமான பளிங்கு அதை அழுத்தி மேடுகளைத் தட்டையாக்கும். தன்னைவிட மென்மையான மாக்கல் பொடி பள்ளங்களை நிரப்பும். மேடும் பள்ளமும் போன பரப்பில் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. மோஸ் தன் அளவுகோலை வெளியிட்டது 1812இல். அதைக் கேள்விப்படாமலேயே 1, 3, 7 என்ற வரிசையைச் சரியாகப் பயன்படுத்திய கைகள் இவை.

1861 அக்டோபர் 1ஆம் தேதி இங்கே முதல் வழிபாடு நடந்தது. அதன்பின் கட்டடம் பலமுறை புதுப்பிக்கப்பட்டதால், இன்று நீங்கள் பார்க்கும் வெள்ளை முழுவதும் அன்று தேய்த்த வெள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கேதான் பழைய கட்டடங்களைக் காப்பவர்களின் பெரிய தலைவலி இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு சுவாசிக்கும்; அதாவது, செங்கலுக்குள் ஏறும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். அதன்மேல் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி வளரும்போது செங்கல்லையே பொடித்துத் தள்ளும். பலமாக இருக்கிறது என்று பூசிய பொருளே சுவரைக் கெடுத்துவிடும். அதனால் முறையாகச் செய்பவர்கள் முதலில் நகக்கண் அளவு மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பழைய கலவை என்னவென்று தெரிந்தபின் அதற்கு ஒத்துப்போகும் சுண்ணாம்புக் கலவையைத் தயாரிப்பார்கள். கைதிகளின் செய்முறையை மெக்னேர் எழுதி வைக்காமல் போயிருந்தால், நமக்குக் கையிலிருப்பது அந்த நகக்கண் அளவு மாதிரி மட்டுமே.

உள்ளே போனதும் சத்தத்தைக் கவனியுங்கள். கடினமான, வழவழப்பான சுவர் ஒலியை விழுங்காது; திருப்பி அனுப்பும். வழிகாட்டி பேசி நிறுத்தியபிறகும் குரல் சற்று நேரம் மிதக்கும். அதனால்தான் இத்தகைய இடங்களில் நிறுத்தி நிதானமாக இழுத்துப் பாடும் இசை எடுபடுகிறது, வேகமாகப் பேசும் பேச்சு குழம்புகிறது. பெரிய குழுவுக்கு உரக்கப் பேசினால் குழப்பம்தான் கூடும். வழிகாட்டியைச் சுற்றி நெருங்கி நிற்கும் எட்டுப் பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தச் சுவர்களுக்குள் உண்மையான இடைக்காலப் பொருள் ஒன்றிரண்டு உண்டு. கேன்டர்பரி பேராலயத்திலிருந்து வந்த ஒரு கல் தூணில் பதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1940 நவம்பரில், குண்டுவீச்சில் எரிந்துபோன கோவென்ட்ரி பேராலயத்தின் இடிபாடுகளில் கிடைத்த இரும்பு ஆணிகளால் செய்த சிலுவையும் இங்கே இருக்கிறது. சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள்களில், 1942 பிப்ரவரியில், இதே கூடம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது.

போகும்முன் சில நடைமுறை விஷயங்கள். இவை வழிபாட்டுத் தலங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள். வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, வழிகாட்டி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவுக்குத் தேசிய மரபுடைமைக் கழகம் தயாரித்த மரபுடைமைப் பாதைக் கையேடு இருக்கிறது. தொடக்கப் பகுதிக்கு அது உதவும். சுவரைத் தடவிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், கை எண்ணெய் படிந்தால் கறை பிடிக்கும். கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் போதும், மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். அதற்கும் முதலில் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக, பீடத்துக்குப் பின்னாலிருக்கும் மூன்று வண்ணக்கண்ணாடிச் சன்னல்களைப் பாருங்கள். ராஃபிள்ஸ், ஜான் கிராஃபர்ட், பட்டர்வொர்த் ஆகிய மூவரின் நினைவாக வைக்கப்பட்டவை. சன்னலுக்கு இரு பக்கமும் இருப்பது சுவர். அதைப் பூசித் தேய்த்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், விடுதலையானபின் எங்கே போனார்கள், சுண்ணாம்புக் கம்பத்தில் குடியேறியவர்கள் உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.